பாவு எவ்வளவு, ஊடை எவ்வளவு

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. சங்கரன்கோவில் ரத வீதியில் தற்காலிகக் கடைகளுக்குக் கால் நட ஆரம்பித்திருந்தார்கள். அண்ணாச்சி என்னை டீ குடிக்கக் கூப்பிட்டார். எட்டு விசைத்தறி ஓட்டுகிறவர், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். பெஞ்சில் கிடந்த ஈரத்தைத் துண்டால் துடைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தார்.

"தம்பி, நீங்க எலக்ட்ரிக் சாமான் கடையில பதினஞ்சு வருசம் நின்னவங்கல்லா. இது நியாயமான வெலைதானான்னு மட்டும் சொல்லுங்க. தபசு அன்னைக்கு வீட்டப் பூட்டிட்டு எல்லாரும் போயிருவோம். அலாரம் வச்சாச்சா, வச்சாச்சான்னு பெங்களூர்ல இருந்து மகன் தெனமும் கேக்கான்."

தாளில் ஒரே வரி. 'திருட்டு அலாரம் சிஸ்டம், முழு செட், ஃபிட்டிங் உட்பட – 42,000. ஜி.எஸ்.டி. தனி.'

கூடுதல் என்றும் சொல்ல முடியவில்லை, குறைவு என்றும் சொல்ல முடியவில்லை. மூன்று மாடி வீட்டுக்கு இருபது சென்சார் வைத்து இந்த விலை என்றால் அது மலிவு. அண்ணாச்சி வீடு ஹால், இரண்டு அறை, சமையலறை, புறவாசல், மாடிக்கு ஒரு படிக்கட்டு. அங்கே நாலு கதவுக் காந்தமும் இரண்டு சென்சாரும் போட்டுவிட்டு 42,000 கேட்டால் அது வேறு கதை. எது என்று அந்தத் தாள் சொல்லவில்லை. அதுதான் அதன் முதல் குற்றம்.

"அண்ணாச்சி, ஒரு யாவாரி வந்து 'துண்டு, ஒரு லாட், இவ்வளவு ரூவா'ன்னு எழுதிக் குடுத்தா வாங்குவீங்களா?"

"எப்படி வாங்க? எத்தன துண்டு, எத்தனாம் நம்பர் நூலு, பாவு எவ்வளவு, ஊடை எவ்வளவு, கூலி என்னன்னு தெரியாண்டாமா?"

"அதத்தான் இவங்ககிட்டயும் கேக்கணும்."

அவர் முகம் தெளிந்தது. சரக்கு அவருக்குப் புதிதாக இருக்கலாம். விலையைப் பிரித்துப் பார்க்கிற கணக்கு அவர் முப்பது வருடமாகப் போடுவதுதான்.

முதலில் அந்த 'ஜி.எஸ்.டி. தனி' என்ற வார்த்தை. அலாரம் சாமானுக்கு 18 சதவீதம். 42,000-க்கு 7,560 ரூபாய் ஆகிறது. கையிலிருந்து போகப்போவது 49,560. வீட்டில் பேசும்போது நாம் 42 என்றே பேசிக்கொண்டிருப்போம். வரி கேட்கிறவர் தன் ஜி.எஸ்.டி. எண்ணைப் பில்லில் போட வேண்டும். 15 எழுத்தும் எண்ணுமாக இருக்கும், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும். பதிவு இல்லாத சின்ன எலக்ட்ரீஷியனோ, தொகுப்பு வரித் திட்டத்தில் இருக்கிற கடைக்காரரோ வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கக் கூடாது. வெறும் துண்டுச்சீட்டில் 'ஜி.எஸ்.டி. தனி' என்று எழுதியிருந்தால், அந்த 18 சதவீதம் எங்கே போகிறது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இனி பாவுக்கு, அதாவது சாமானுக்கு, வருவோம். என் பையில் பழைய கதவுக் காந்தம் ஒன்று கிடந்தது. விரல் நீளத்துக்கு இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் துண்டு. ஒன்று கதவில் ஒட்டுவது, அதற்குள் வெறும் காந்தம். மற்றது நிலையில் பதிப்பது, அதற்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் முடி மாதிரி மெலிந்த இரண்டு இரும்புத் தகடு. காந்தம் பக்கத்தில் இருக்கிறவரை தகடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கதவு திறந்து காந்தம் விலகியதும் பிரியும். பிரிந்த செய்தி கம்பி வழியாகப் பேனலுக்குப் போகும். அண்ணாச்சியின் காதருகே வைத்துக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோய் விலக்கினேன். மெல்லியதாக ஒரு 'டிக்'. மறுபடி செய்யச் சொன்னார். பிறகு தானே வாங்கி நாலைந்து தடவை செய்து பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

இவ்வளவுதான். 1853-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் அகஸ்டஸ் போப் என்பவர் மின் அலாரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கதவோ சன்னலோ அசைந்தால் மின்சுற்று மாறும், மணி அடிக்கும். யோசனை அன்றைக்கு வந்ததுதான், 170 வருடம் தாண்டிவிட்டது. இன்றைக்கு இந்தக் காந்தம் நூறு, இருநூறு ரூபாய்ச் சாமான். வெளிநாட்டுத் தொழில்நுட்பம் என்று சொல்லி இதற்கு ஆயிரம் போட்டால், அந்த வரியில் நிறுத்திக் கேளுங்கள்.

அடுத்தது ஆள் நடமாட்டத்தைப் பார்க்கிற பி.ஐ.ஆர். சென்சார். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஏமாற்றமும் எரிச்சலும் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன. இது எதையும் வீசி அனுப்புவதில்லை. நம் உடம்பிலிருந்து வருகிற சூட்டைப் பார்க்கிறது, அவ்வளவுதான். சுவரின் சூடு ஒரு அளவு, மனித உடம்பின் சூடு ஒரு அளவு. அந்த வித்தியாசம் அதன் கண்முன்னே நகர்ந்தால் ஆள் என்று எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் இதில் இரண்டு சங்கடம். சித்திரை, வைகாசியில் பூட்டிக் கிடக்கிற காங்கிரீட் வீட்டுக்குள் வெப்பம் 36, 37 டிகிரிக்குப் போய்விடும். சுவரும் மனிதனும் ஒரே சூடு. சென்சாருக்குக் கண் மங்கிவிடும். நல்ல சென்சார்களில் இதற்கு ஈடுசெய்கிற ஏற்பாடு இருக்கும். வாங்கும்போது 'வெப்பத்துக்கு ஈடுசெய்யுமா' என்று கேட்டு, சாமான் பெட்டியில் எழுதியிருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். விலை ஒரு நூறு, இருநூறு கூடினாலும் கொடுக்கலாம்.

இரண்டாவது சங்கடம் பல்லி. சென்சாரின் முகத்தில் ஒரு பல்லி ஊர்ந்தால் அதற்கு அது யானை. நடுராத்திரி சைரன் அலறும், தெரு முழுக்க எழுந்திருக்கும், நாலாவது தடவை அலறும்போது யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அலாரத்தைப் பிடுங்கி வைத்துவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், காரணம் பெரும்பாலும் இதுதான். கோமதி அம்மனுக்குப் பாம்பு, தேள் உருவம் பொறித்த தகட்டைக் காணிக்கை போட்டு, வீட்டுக்குள் விஷப்பூச்சி வராமல் காக்கச் சொல்கிற ஊர் நம்முடையது. சென்சாருக்குள் எறும்பும் சிலந்தியும் போகாமல் இருக்க, கம்பி நுழைகிற ஓட்டையைச் சிலிக்கான் பசை வைத்து அடைத்தால் போதும். ஏழடி உயரத்தில், அறை மூலையில், வெயில் விழுகிற சன்னலைப் பார்க்காமல், பூஜை விளக்குக்கு நேரே இல்லாமல் வைக்க வேண்டும். இதை யோசித்து வைக்கிறவர் கை வேறு, ஆணி அடிக்க வசதியான இடத்தில் மாட்டிவிட்டுப் போகிறவர் கை வேறு. கூலி என்கிற ஊடையில் இந்த வித்தியாசம் இருக்கிறது. அதனால்தான் கூலியில் மட்டும் நான் பேரம் பேசச் சொல்வதில்லை.

பேனல்தான் விலையில் பெரிய பங்கு. அதோடு போன் போட்டுச் சொல்கிற டயலரும் சேர்ந்து வரும். ஆபத்து வந்தால் ஐந்தாறு நம்பருக்கு வரிசையாக அழைக்கும். இங்கே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உள்ளே இருக்கிறது 2ஜியா, 4ஜியா? பழைய சரக்கைத் தள்ள நினைக்கிறவர்கள் 2ஜி டயலரைக் கொடுத்துவிடுவார்கள். ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது. நீங்கள் ஜியோ சிம்மைப் போட்டால் அது ஊமை. வேறு நிறுவன சிம்மில் இன்றைக்கு வேலை செய்யலாம், அந்த 2ஜி சேவை எத்தனை வருடம் ஓடும் என்று யாரும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. அந்த சிம்முக்கு ரீசார்ஜும் வேண்டும். டேட்டா தேவையில்லை. டிராய் உத்தரவுக்குப் பிறகு 2025 ஜனவரியில் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள திட்டங்களை நிறுவனங்கள் கொண்டுவந்தன. அதில் ஒன்று போதும். அலாரத்தின் விலையில் இந்த வருடச் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

பேட்டரி 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி, கறுப்புச் செங்கல் மாதிரி இருக்கும். பேனலும் சென்சாரும் சேர்ந்து 150 மில்லி ஆம்பியர் இழுத்தால் கணக்குப்படி 46 மணி நேரம் வர வேண்டும். நம் வெயிலுக்கும் பேட்டரியின் வயதுக்கும் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள், அதுவே ஒரு நாள். பராமரிப்புக்கென்று காலை 9-லிருந்து சாயங்காலம் வரை மின்சாரம் நிறுத்துகிற நாளுக்கு இது தாராளம்.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடம் முன்பு நானும் ஒரு அலாரம் வைத்தேன். சாமான் நல்ல சாமான், விலையும் குறைவு. மூன்றாவது வருடம் ஒரு மின்தடை நாளில் சும்மா சோதித்துப் பார்த்தேன். சைரன் முனகக்கூட இல்லை. பெட்டியைத் திறந்தால் பேட்டரி வயிறு வீங்கிக் கிடக்கிறது. எத்தனை மாதமாகச் செத்துக் கிடந்ததோ. மாட்டிக் கொடுத்தவரைக் கூப்பிட்டேன், நம்பர் உபயோகத்தில் இல்லை. கடையில் கேட்டேன், அவர் இப்போது எங்களோடு இல்லை என்றார்கள். நாங்கள் அத்தனை நாளும் நிம்மதியாகத் தூங்கினோம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

இதைச் சொன்னதும் அண்ணாச்சி இரண்டாவது டீக்குச் சைகை காட்டிவிட்டு, "அப்ப யார நம்ப?" என்றார்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. நெற்கட்டும்செவல் பூலித்தேவரை எல்லோருக்கும் தெரியும். கடைசியில் சங்கரன்கோவில் கோயிலுக்குள் வந்து மறைந்துபோனார் என்று ஊரில் சொல்வார்கள். அந்தப் பாளையக்காரர் காலத்தில் திருநெல்வேலிச் சீமைக் கிராமங்கள் காவலுக்கென்று கூலி கொடுத்தன. ஊர்க் காவலுக்கு ஸ்தலக்காவல் என்று பெயர், பாளையக்காரர் கையிலிருந்த பெரும்பரப்புக் காவலுக்குத் தேசக்காவல் என்று பெயர். அந்தக் கூலிக்குள் ஒரு பொறுப்பு இருந்தது. களவு போனால் பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும். போகப்போக அது மிரட்டிப் பிடுங்குகிற பணமாகவும் ஆனது. கால்டுவெல் 1881-ல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் இந்தக் காவல் கூலியின் கொடுமையையும் படிக்கலாம். அந்த நாள் திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காவலுக்கு விலை பேசும்போது அவர்கள் பொறுப்பையும் சேர்த்துப் பேசினார்கள். நாம் பெட்டிக்கு மட்டும் விலை பேசிவிட்டு, பொறுப்பைப் பேசாமல் விட்டுவிடுகிறோம்.

அதனால் கொட்டேஷனில் சாமான், கம்பி, கூலி மூன்றோடு நாலாவதாக ஒரு வரி வேண்டும்: திரும்ப வருகிற வரி. வருடத்துக்கு எத்தனை தடவை வந்து பார்ப்பார், பழுதென்று சொன்னால் எத்தனை நாளுக்குள் வருவார், பேட்டரி மாற்ற என்ன வாங்குவார். இதற்குப் பணம் கொடுக்கத்தான் வேண்டும். கொடுக்காமல் எதிர்பார்ப்பது நம் பக்கத்து அநியாயம்.

"அலாரத்துக்குப் பதிலா கேமரா வச்சா என்ன?" அண்ணாச்சியின் மகன் கேட்கச் சொன்ன கேள்வி.

2019 அக்டோபர் 2-ஆம் தேதி அதிகாலை திருச்சி லலிதா ஜுவல்லரியில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். சுவரில் துளை போட்டு, முகமூடி மாட்டிய இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். போன நகையின் மதிப்பு சுமார் 13 கோடி. அவ்வளவும் கேமராவில் பதிவானது, மறுநாள் நாடே பார்த்தது. கேமரா பார்த்தது, யாரையும் எழுப்பவில்லை. பிடிப்பதற்குக் கேமரா உதவும். வந்த காலைத் திருப்பி அனுப்ப சத்தம் வேண்டும், சத்தம் கேட்டு எட்டிப்பார்க்க ஓர் ஆள் வேண்டும். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் முதலில் சைரனுக்குக் கொடுப்பேன்.

நகை விஷயம் வந்ததால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பேத்தி காதுகுத்துக்கு எடுத்தது, மனைவியின் பழைய நகை எல்லாம் பீரோவில் இருந்தால், அதை வங்கி லாக்கரில் கொண்டுபோய் வைத்துவிட்டு அப்புறம் அலாரத்துக்கு வாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, 2022 ஜனவரி 1 முதல், வங்கியில் திருட்டு, தீ, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி போன்றவற்றால் லாக்கர் பொருள் போனால் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும். முழு ஈடு ஆகாதுதான். ஆனால் எந்த அலாரக் கடைக்காரரும் இந்த அளவுக்குக்கூட எழுதித் தர மாட்டார்.

மறுநாள் அண்ணாச்சி, ஊரிலேயே கடை வைத்திருக்கிற இன்னொரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டைக் காட்டினார். பிரித்து எழுதச் சொன்னோம். டயலரோடு பேனல் 7,200. சென்சார் இரண்டு, 1,700. கதவுக் காந்தம் நாலு, 720. உள் சைரன், வெளிச் சைரன் 1,450. பேட்டரி 1,150. கம்பி, கேசிங் 1,900. இரண்டு ஆள், இரண்டு நாள் கூலி 4,000. கூட்டினால் 18,120. வரியோடு 21,382.

அண்ணாச்சிக்கு ஒரே மகிழ்ச்சி. பாதிக்கும் கீழே வந்துவிட்டதே. நான் அவசரப்பட வேண்டாம் என்றேன். இந்தத் தாளிலும் இரண்டு குறை இருந்தது. டயலர் 2ஜி. திரும்ப வருகிற வரி இல்லை. 4ஜி டயலருக்கு 1,800 கூடும் என்றார். வருடத்துக்கு இரண்டு தடவை வந்து பார்க்க 1,000. ஆக 20,920, வரியோடு 24,686. சாமானில் அவருக்கு லாபம் இருக்கிறதா என்றால் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். கடை வாடகை கட்டி, கெட்டுப்போன சாமானை மாற்றிக் கொடுத்து, நாளைக்கும் அதே தெருவில் கடை திறந்திருக்க அந்த லாபம்தான் வழி. இணையத்தில் இதே பேனல் எண்ணூறு ரூபாய் குறைவாகக் கிடக்கிறது என்று மகன் படம் அனுப்பினார். உண்மைதான். அந்த எண்ணூறு, இங்கே நடந்துபோய்க் கதவைத் தட்டக்கூடிய தூரத்துக்கான காசு. பொட்டலத்தில் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் போகிறாரா என்று மட்டும் பாருங்கள், அது கூடாது.

முதல் கொட்டேஷன்காரரிடமும் போய் அதே மாதிரி பிரித்து எழுதச் சொல்லலாம் என்றேன். அவர் பக்கம் நியாயம் இருக்கலாம். அண்ணாச்சி போனார். 'இன்னைக்கே சொன்னா 35-க்கு முடிச்சுத் தாரேன், நாளைக்கு இந்த வெலை கிடையாது' என்று பதில் வந்ததாம். ஏழாயிரம் ஒரே மூச்சில் குறைகிறது, எந்தச் சாமானில் குறைகிறது என்பதற்கு மட்டும் பதில் இல்லை. அமெரிக்காவில் வீடு தேடி வந்து விற்கிறவரிடம் வாங்கினால், மூன்று வேலை நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிவிடச் சட்டம் இடம் கொடுக்கிறது. அலாரம் விற்பனைக்கும் அது பெரும்பாலும் பொருந்தும். நமக்கு அப்படி ஒரு பொது விதி இல்லை. அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அந்த மூன்று நாளை நாமே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பில்லில் சாமானின் பெயர், மாடல், வாரண்டி எத்தனை மாதம், யார் கொடுக்கிறார் – கம்பெனியா, கடையா – எல்லாம் இருக்கட்டும். பின்னால் தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது, 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். பில் இல்லாமல் போனால் அங்கே சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

டயலரில் யார் நம்பரைப் போடுவது என்று கடைசியில் ஒரு பேச்சு வந்தது. மகன் நம்பர் முதலில் என்றார் அண்ணாச்சி. பெங்களூரிலிருந்து அவர் என்ன செய்ய முடியும்? எதிர்வீட்டு அக்கா நம்பர் முதலில், தறிக்கூட மேஸ்திரி இரண்டாவது, மகன் மூன்றாவது. காவல் நிலைய நம்பரை அதில் போட வேண்டாம். பல்லிக்கெல்லாம் நிலையத்துக்குப் போன் போகக் கூடாது, மனிதர் ஒருவர் பார்த்துவிட்டு 100-க்கோ 112-க்கோ அழைக்கட்டும். ஆனால் ஊருக்குப் போகும்போது நிலையத்தில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். போலீஸாரே அப்படித்தான் கேட்டுக்கொள்கிறார்கள், அதற்கு ஒரு பைசா செலவில்லை. எதிர்வீட்டு அக்காவிடம் நம்பர் போடலாமா என்று அண்ணாச்சியே போய்க் கேட்டார். அவர் வீட்டுச் சாவி இருபது வருடமாக அந்த அக்காவிடம்தான் இருக்கிறது. இருந்தாலும் கேட்டது நல்லது.

முன்பணம் பத்தாயிரம் கொடுத்தார். வேலை முடிந்த அன்று சாயங்காலம் என்னையும் கூப்பிட்டார்கள். எலக்ட்ரீஷியன் ரிமோட்டை எடுக்கப் போனார். "அது இருக்கட்டும், மெயினை இறக்குங்க" என்றேன். மின்சாரம் போனது. அண்ணாச்சி புறவாசல் கதவைத் தானே திறந்தார். சைரன் அலறிய அலறலில் சுவரிலிருந்த காக்கை பறந்தது. எதிர்வீட்டில் போன் அடிக்கிற சத்தம் இங்கே கேட்டது. அக்கா போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்கு ஓடி வந்தார்.

பேட்டரியின் முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் அன்றைய தேதியை அண்ணாச்சி எழுதினார். பிறகு 12,686 ரூபாயை எண்ணிக் கொடுத்து, மீதி இரண்டாயிரத்தைச் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார்.

"இது தபசு முடிஞ்சு பத்தாம் நாளு, தம்பி. பல்லி வருதா இல்லையான்னு பாத்துக்கிட்டு."

எலக்ட்ரீஷியன் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, சிலிக்கான் டியூபைத் தேடித் தன் பைக்குள் கையை விட்டார்.